கனகசபையின் பன்னிரண்டு நிமிடம்

“டீச்சர், முட்டை என்னை மதிக்கவே மாட்டேங்குது,” என்றார் கனகசபை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சர் ஷமீமாவுக்கு இருபத்தெட்டு. அவர் குடியிருக்கும் அடுக்ககத்திலேயே மூன்றாவது மாடியில் பேக்கிங் வகுப்பு நடத்துகிறவள்.

“என்ன ஆச்சு அங்கிள்?”

“நீங்க சொன்ன மாதிரியேதான் செய்யறேன். பசலைக்கீரை, தக்காளி, ஒரே ஸ்பூன் எண்ணெய். வதக்கி, கிண்ணத்துல பரப்பி, மேல ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி ஓவன்ல வைக்கறேன். பன்னிரண்டு நிமிஷம்னு சொன்னீங்க. எனக்கு அரை மணி ஆகுது. மேல வழவழன்னு கிடக்கு, அடியில தீஞ்சு போகுது.”

நாலு நாளாக இதே கூத்து.

அவர் மனைவி சுலோசனா தபால் நிலைய வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள். சர்க்கரை வேறு. வந்ததும் வராததுமாக அடுப்படியில் நின்று ராத்திரிச் சாப்பாட்டைப் பார்ப்பாள். ஓய்வு பெற்று நாலு வருடமாக அதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குப் போன வாரம்தான் வெட்கம் வந்தது. தாமதமாக வந்தாலும் நல்ல வெட்கம்தான். முட்டைக்குத்தான் அது புரியவில்லை.

நேற்று சுலோசனா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். அதுவும் இப்படின்னா அடுப்படிப் பக்கமே வராதீங்க. நீங்க பேப்பர் படிங்க.”

“என் முன்னாடி செஞ்சு காட்டுங்க,” என்றாள் ஷமீமா.

அங்கேயே, அவள் ஓவனில் செய்தார். கைப்பக்குவத்தில் குறையே இல்லை. ஓவன் கதவைச் சாத்தினார்.

ஒரு நிமிடம் போயிற்று. திறந்து பார்த்தார். சாத்தினார். மறுபடி திறந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருக்குப் போதாது. பாய்லர் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எதையும் திறந்து பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை.

ஷமீமா அதைப் பார்த்தாள். எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தாள். திருச்சியின் சித்திரை வெயில் உள்ளே புகுந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

“யாராவது வராங்களா டீச்சர்?”

“இல்ல அங்கிள். சும்மா பார்த்தேன்.”

மூடினாள். திறந்தாள்.

கனகசபையின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்கு இது கூடவா தெரியவில்லை?

“ஏசி ஓடுது டீச்சர். இப்படித் திறந்து திறந்து மூடினா ரூம் எப்படி…”

அவர் கை ஓவன் பிடியில் இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டார்.

ஷமீமா வாசலைச் சாத்திவிட்டு டீ போடப் போனாள்.

மாலை ஆறே முக்காலுக்குத் தன் வீட்டு ஓவனில் கிண்ணத்தை வைத்தார். கை பரபரத்தது. பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்தார். ஒரே புடவையை மூன்று தடவை மடித்தார். அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

ஓவன் மணி அடித்தது.

வெள்ளைக்கரு வெந்து இறுகியிருந்தது. நடுவில் இரண்டு மஞ்சள்கருவும் லேசாக ஆடின. அடி தீயவில்லை. மனிதருக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

சுலோசனா வந்தாள். கை கழுவி உட்கார்ந்தாள். முதல் வாய் போட்டாள்.

இத்தனை நாளும் ஒவ்வொரு வாய்க்கும் “எப்படி இருக்கு?” என்று கேட்டுத் துளைத்தவர் அவர். இன்றும் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது.

வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றி வைத்தார்.

அவள் சாப்பிட்டு முடித்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கீரையையும் வழித்தாள். எழுந்து கை கழுவினாள். பிறகு மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு, நேராகப் போய் அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“நாளைக்கும் ஏழு மணிக்கு வந்துடுவேன்,” என்றாள்.