அடைக்கலம் தனியாகத் திருச்சி போன கதை

கூட்டாம்பட்டியில் ஓர் ஆள் முடி வெட்டப் போனால் மூன்று பேர் போவார்கள். ஒருவர் வெட்டிக்கொள்ள, ஒருவர் நன்றாயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, மூன்றாமவர் திரும்பி வந்ததும் வீட்டில் "இது நம்ம ஆளுதான்" என்று அடையாளம் காட்ட. அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து, முப்பத்தொரு வயது வரை தனியாக ஒரு டீ கூடக் குடித்திராதவன் அடைக்கலம். பம்புசெட் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். மற்றதில் ஊரோடு ஒத்து வாழ்பவன்.

அவனுக்கு அரியலூர்ப் பக்கம் பெண் பார்க்கப் பதினோரு பேர் போனார்கள். பெண்ணின் அப்பா கலியபெருமாள் உரக்கடை வைத்திருப்பவர். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று அவர் கேட்டதும் பத்துப் பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். "காபிக்குச் சர்க்கரை போதுமா?" என்று கேட்டதற்கு மூன்று பேர் அடைக்கலத்தின் டம்ளரை வாங்கி ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்து, "போதும்ங்க" என்றார்கள். ஆனால் காபித் தட்டை நீட்டிய பெண் தேன்மொழி, அத்தனை பேரிலும் இவன்தான் மாப்பிள்ளை என்று கண்டுபிடித்து, இவனைப் பார்த்து மட்டும் சிரித்தாள். அன்றிலிருந்து அடைக்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டான். வாழ்க்கையில் அவன் யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது.

கலியபெருமாள் சொல்லியனுப்பினார். "மாப்பிள்ளை யாருன்னே எனக்குச் சரியாத் தெரியல. அவரு தனியா வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பட்டும். திருச்சியில ஒரு நாள் தனியாத் தங்கட்டும். மறுநாள் மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டும். டவுன்ல ஒரு நாள் தனியாச் சமாளிக்கிற ஆளுன்னா பொண்ணைத் தர்றேன். இல்லைன்னா வேற இடம் பாருங்க."

சேதி வந்ததும் அடைக்கலத்தின் கூட்டாளிகள் மூவரும் அரச மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள். மூத்தவர் உடையப்பன். அடுத்தவன் திருமேனி. கடைசி வைரக்கண்ணு.

"தனியாப் போகணும். அது சரி. ஆனா தனியாத்தான் போறான்னு யாரு பாக்கிறது?" என்றார் உடையப்பன்.

"யாரும் பாக்காட்டி அந்த மனுஷன் நம்புவாரா?" என்றான் திருமேனி.

"அப்ப நாம மூணு பேரும் கூடப் போயி, தனியாப் போறானான்னு பாத்துக்கிடணும்" என்றான் வைரக்கண்ணு. இவ்வளவு சுலபமான வழி இத்தனை நேரம் தோன்றவில்லையே என்று மூவரும் வருத்தப்பட்டார்கள்.

எப்படிப் போவது என்பதில் மட்டும் சிக்கல். பின்னால் போனால் துணைக்குப் போன மாதிரி ஆகும். பக்கத்தில் போனால் பேச்சு வரும். ஆகவே மூவரும் ஒரே பைக்கில் முன்னால் போவது, அடைக்கலம் இருபது அடி தள்ளித் தனியாகப் பின்னால் வருவது என்று தீர்மானமாயிற்று. அடைக்கலத்துக்கு நெஞ்சு லேசாயிற்று. தனியாகப் போவது இவ்வளவு நிம்மதியான காரியம் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை.

திருச்சி எல்லை வரை ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் வழி தெரியாமல், அடைக்கலம் போனில் வழி காட்டச் சொன்னான். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது ஒரு பெண்குரல். முன்னால் போன பைக் சடக்கென்று நின்றது.

"டேய், யாருடா அது?" என்றார் உடையப்பன்.

"வழி சொல்றாங்கண்ணே."

"ஒரு பொம்பளை கூடவே வந்து வழி சொல்லுது, நீ தனியா வர்றேங்கிறியா? பொண்ணு வீட்டுல கேட்டா என்ன நினைப்பாங்க?"

அடைக்கலத்துக்கு வேர்த்துவிட்டது. தேன்மொழியின் காதுக்கு இது போனால் என்ன ஆகும்! போனை உடனே ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவது என்று பேசி முடித்தார்கள். ஆனால் ஒரு பெண்ணைத் தனியாக பஸ்ஸில் அனுப்புவது எப்படி? வைரக்கண்ணு துணைக்குப் போனான். ஜன்னலோரத்தில் போனை வைத்து, நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு, மரியாதையாக உட்கார்ந்தான். ஊர் போகும் வரை அந்தக் குரல் "திரும்பவும், திரும்பவும்" என்று கெஞ்சியதாகவும், மனதைக் கல்லாக்கிக்கொண்டதாகவும் பிறகு சொன்னான்.

மீதி மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போனார்கள். மானேஜர் நோட்டைப் பிரித்தார்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்" என்றார்கள் மூவரும்.

மானேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மூணு பேரு நிக்கிறீங்களே?"

"இவரு தனியா வந்திருக்காரு. நாங்க அவரு தனியா இருக்காரான்னு பாக்க வந்தவங்க" என்று உடையப்பன் பொறுமையாக விளக்கினார். டவுன் ஆட்களுக்கு எதையும் விலாவாரியாகச் சொன்னால்தான் புரியும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

ஒற்றை அறைதான் கிடைத்தது. அடைக்கலம் கட்டிலில் படுத்தான். அவன் தனிமை கெடாமலிருக்க மற்ற இருவரும் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தூங்கினார்கள். விசிறி ஓடுகிறதா என்று அவன் கேட்டபோது, பதில் சொன்னால் தனிமை போய்விடும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. அது ஓடவில்லை.

காலையில் பக்கத்து மெஸ்ஸில் அடைக்கலம் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த திருமேனிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, நாம இவனைப் பாத்துக்கிட்டேதானே இருக்கோம்? ரெண்டு பேரு பாக்கிறப்ப ஒருத்தன் எப்படித் தனியா இருக்க முடியும்?"

உடையப்பன் நெடுநேரம் தாடையைத் தடவினார். "நியாயம்தாண்டா. நேத்திலேருந்து பாழாப்போச்சு. இனியாவது கண்ணைக் கட்டிக்கிடுவோம்."

இருவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். அந்த வழியாகப் போன ஒரு புண்ணியவான், பாவம் கண் தெரியாதவர்கள் என்று கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றி, உட்கார இடமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டாம்பட்டிக்காரர்கள் நல்லது செய்பவரைத் தடுப்பதில்லை.

அடைக்கலம் கை கழுவிவிட்டு வெளியே வந்தான். இடப்பக்கம் பார்த்தான், யாரும் இல்லை. வலப்பக்கம் பார்த்தான், ஊரே இருந்தது, தெரிந்தவர் ஒருவர் இல்லை. எந்தப் பக்கம் போவது, எப்போது தாகம் எடுக்கும், யாரைக் கேட்பது? அழுகை முட்டியது. அதைவிடப் பெரிய பயம் பின்னாலேயே வந்தது. இப்போதுதான் நிஜமாகவே தனியாக இருக்கிறான், அதைப் பார்க்க ஓர் ஆள் இல்லை! கலியபெருமாள் நம்பாவிட்டால் தேன்மொழி வேறு யாருக்கோ காபித் தட்டை நீட்டுவாள்.

மெஸ்ஸுக்குள் ஓடினான். பரிமாறுகிறவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் தனியா இருக்கேனா பாருங்க."

அவர் மேலும் கீழும் பார்த்தார். "இருக்கீங்க தம்பி."

"இதை அரியலூர்ல வந்து சொல்லுவீங்களா? என் கல்யாண விஷயம்ண்ணே." கண்ணில் நீர் தளும்ப முழுக் கதையையும் சொன்னான்.

பரிமாறுகிறவர் இருபது வருஷமாக விதவிதமான ஆட்களைப் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "சாப்பாடு உண்டா?" என்றார்.

"பொண்ணு வீட்டுலதான் சாப்பாடு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஒருவர் சொன்னால் பற்றாது என்று லாட்ஜ் மானேஜரையும் கூப்பிட்டார்கள். "இதோட முடிவைத் தெரிஞ்சுக்காட்டி எனக்குத் தூக்கம் வராது" என்று அவரும் சாவியை ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். வாசலில் பூ விற்ற அம்மாளுக்கு அரியலூர்தான் பிறந்த ஊராம், அவரும் அவர் தங்கச்சியும் சேர்ந்துகொண்டார்கள். டீக்கடை பெஞ்சில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரியவர்கள், என்ன ஏது என்று கேட்காமலே எழுந்து வந்தார்கள். சிமெண்டு ஏற்ற அரியலூருக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டியானை மினிலாரிக்காரர் எல்லோரையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

அடைக்கலம் பைக்கில் முன்னால் தனியாகப் போனான். வண்டிக்காரர் வழி சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். லால்குடியில் எல்லோரும் இளநீர் குடித்தார்கள். அடைக்கலம் சற்றுத் தள்ளி நின்று தனியாகக் குடித்தான்.

சரியாகப் பன்னிரண்டரைக்குக் கலியபெருமாள் வீட்டு வாசலில் பைக் நின்றது. அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். பின்னாலேயே குட்டியானை வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள்.

"தனியாத்தானே வரச் சொன்னேன்?"

"தனியாத்தான் மாமா வந்தேன். வேணும்னா இவங்களைக் கேளுங்க."

"இவங்கள்லாம் யாரு?"

"நான் தனியா வந்ததைப் பாத்தவங்க."

"எங்கேருந்து பாத்தாங்க?"

"திருச்சியிலேருந்து. வழி பூரா கூடவே வந்து பாத்தாங்க."

ஏழு பேரும் வரிசையாக நின்று ஆமாம் என்றார்கள். பெஞ்சுப் பெரியவர்களில் ஒருவர், இவ்வளவு தனியான பிள்ளையைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். கலியபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தேன்மொழி நிலைப்படிக்கு வந்தாள்.

"அப்பா, முன்னப்பின்ன தெரியாத ஏழு பேரை அரை நாள்ல இந்த மனுஷன் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. நம்ம கடையைத் தேடி ஒரு நாளைக்கு ஏழு பேரு வர்றாங்களா? எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு."

அடைக்கலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பூக்கார அம்மாள் கூடையைத் திறந்து தேன்மொழிக்கு நாலு முழம் வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் கலியபெருமாள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "பொண்ணுக்குப் பிடிச்சாச்சு. எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனா இவ்வளவு பெரிய விஷயத்தை நான் ஒத்தையா எப்படி முடிவு பண்றது? என் பங்காளிங்க நாலு பேரு வரட்டும்."

அடைக்கலம் அவரை இரக்கத்தோடு பார்த்தான். நேற்றுவரை தானும் இப்படித்தானே இருந்தோம் என்று அவனுக்கு மனசு கரைந்துபோயிற்று. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நாளைக்குத் தனியாத் திருச்சிக்குப் போயிட்டு வாங்க மாமா, எல்லாம் சரியாயிடும். பயப்படாதீங்க, நாங்க எட்டுப் பேரும் கூட வர்றோம்."