பாலத்தில் வாத்துகள்

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. தாடி இருந்தால்தான் குரு என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

குருவின் பெயர் ஜெபக்கனி. கால்வாய்க்கரை ஊர் ஒன்றில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தாள். பள்ளி என்றால் ஒரே அறை, ஒரு பழைய கார், சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய தாள். சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகம் பேச மாட்டாள். பேசாமல் இருந்தே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

சிஷ்யை சுடலைவடிவு. ஊர் வாயில் வெறும் வடிவு. கால் தரையில் பாவாமல் ஓடுகிறவள். பிறந்ததிலிருந்து யாரையும் ஒரு நிமிஷம் காக்க வைத்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டால்கூட, "நீங்க முன்ன போங்க" என்று ஒதுங்கிவிடுவாள். அவள் வீட்டு அரிசி எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும்.

அவள் கணவர் பூதத்தான் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். போன மார்கழியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நின்றவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியது. டவுன் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது கிலோமீட்டர். பஸ் படியில் அவர் கால் ஏறவில்லை. ஆட்டோக்காரர் வந்தால் வருவார், சவாரி கிடைத்தால் மறந்துவிடுவார். பாதி நாள் வீட்டிலேயே கழிந்தது.

"முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள கை எவ்வளவு திரும்புதோ அவ்வளவுதான்" என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சு விடாதீங்க."

முதலில் சொன்னது வடிவின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. இரண்டாவது காதோடு போயிற்று.

வீட்டில் அவருடைய பழைய ஸ்கூட்டர் நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துத் தருவதாக மெக்கானிக் ஒத்துக்கொண்டார். ஓட்டத்தான் ஆள் வேண்டும். வடிவு வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆனால் எல்.எல்.ஆர். வாங்கி, ஒரு மாதம் பழகி, ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ். அந்த எல்.எல்.ஆருக்கே கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை.

ஆறில் மூன்று மாதம் ஓடிவிட்டது. வடிவு பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்.

முதல் முறை, கேள்விப் புத்தகத்தை வாங்கி விடைகளின் எண்ணை மட்டும் உருப்போட்டாள். "ரெண்டு, ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு" என்று தோசை திருப்பும்போதும் சொன்னாள், துணி பிழியும்போதும் சொன்னாள். புத்தகம் முழுக்க ஒரு எண் பிசகாமல் ஒப்பிப்பாள். கம்ப்யூட்டர் கேள்விகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டது.

இரண்டாம் முறை ஒழுங்காகப் படித்துத்தான் போனாள். ஒரே ஒரு மார்க்கில் போயிற்று.

மறுநாள் மாஸ்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எந்தக் கேள்வி தப்பாச்சுக்கா?"

"கண்ணு தெரியாதவரு வெள்ளைக் கம்பைப் பிடிச்சிக்கிட்டு ரோட்டைக் கடக்காரு. என்ன செய்யணும்னு கேட்டிருந்தான்."

"என்ன அமுக்குனீங்க?"

"ஹாரன் அடிக்கணும்னு."

"ஏன்?"

"கண்ணுதான மாஸ்டர் தெரியாது? காது கேக்கும்லா? வண்டி வருதுன்னு தெரிஞ்சா பாவம், வெரசா ஒதுங்கிக்கிடுவாரு."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அடுத்தது?"

"குறுகலான பாலம். நாம இந்தப் பக்கம். எதிர்ல ஒரு வண்டி பாலத்துல ஏறுது. நாம வேகமாக் கடந்துரணும்னு அமுக்கிட்டேன்."

"அது ஏன்?"

"நாம டக்குனு போயிட்டா அவன் நமக்காவக் காத்துக்கிட்டு நிக்க வேண்டாம்லா."

இப்படித்தான் அவளுடைய தப்பு எல்லாம். அத்தனையும் நல்ல மனசால் வந்த தப்பு. நல்ல மனசுக்கு மார்க் போட அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பாலத்துக்குச் சரியான விடை எதுன்னு தெரியுமாக்கா?"

"தெரியும் மாஸ்டர். எதிர் வண்டி கடந்து போற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் போகணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அங்கன போய் உக்காந்தா, ஓரத்துல முப்பது, இருபத்தொம்பது, இருபத்தெட்டுன்னு நேரம் குறைஞ்சிக்கிட்டே வருது. அதைப் பார்த்ததும் கை தானாப் போயி வேகமாக் கடக்கணும்ங்கதை அமுக்கிருது."

மாஸ்டர் சுவரில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாஸ்டர், கோவிச்சிக்கிடாதீங்க. காத்திருக்கணும்னு போட்டிருக்கான். எவ்வளவு நேரம்னு போடலையே?"

மாஸ்டர் எழுந்து ஆணியிலிருந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

"வாங்க."

ஊரைத் தாண்டினால் கால்வாய்ப் பாலம். ஒரு வண்டிதான் போகலாம். இரண்டு பக்கமும் பங்குனி அறுப்பு முடிந்த வயல்கள். மாஸ்டர் காரைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள்.

எதிர்க்கரையிலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எப்படியும் முந்நூறு இருக்கும். பின்னால், நுனியில் பிளாஸ்டிக் பை கட்டிய நீளக் கம்போடு மேய்க்கிறவர் வந்தார்.

மாஸ்டர் இன்ஜினை அணைத்தாள்.

வடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஹாரன் அடிங்க மாஸ்டர்."

மாஸ்டர் அடிக்கவில்லை.

"லேசா முன்ன விட்டா ஒதுங்கிக்கிடும்லா."

விடவில்லை.

"அவுகளுக்குப் பன்னண்டு மணிக்கு மாத்திரை குடுக்கணும்." வடிவு கதவைத் திறந்துவிட்டாள். "இருங்க, நான் இறங்கி ஒதுக்கி விட்டுட்டு வாரேன். ரெண்டு நிமிஷம்."

மாஸ்டர் அவளைப் பார்த்தாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தில் நடந்தாள். "போங்க, போங்க, ஓரமாப் போங்க" என்று இரண்டு கையையும் வீசினாள். முன்வரிசை வாத்துகள் நின்றன. கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தன. பிறகு ஒரே முடிவாகத் திரும்பின. பின்னால் வந்தவை முன்னால் வந்துகொண்டிருந்தன. நடுப்பாலத்தில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு ஒரே கூச்சல். ஐம்பது அறுபது, கைப்பிடிச் சுவர் சந்தில் நுழைந்து கால்வாயில் குதித்தன. மற்றவையெல்லாம் கிளம்பிய கரைக்கே போய்ச் சேர்ந்தன.

பாலம் காலியாக இருந்தது. நடுவில் மேய்க்கிறவர் மட்டும் கம்போடு நின்றார்.

"யம்மா, அதுக பாட்டுக்கு வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் வடிவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். முகத்தில் ஈயாடாமல் வந்து காரில் உட்கார்ந்தாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.

குதித்தவை கரையேற வேண்டியிருந்தது. ஏறியவை உடம்பை உதறி, கூட்டத்தைத் தேடி, இடம் பிடித்து, ஒன்றை ஒன்று குறை சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் முதல் வாத்து மறுபடி பாலத்தில் கால் வைத்தது. வைத்துவிட்டு நின்று காரைப் பார்த்தது.

வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வாத்து இன்னொரு அடி வைத்தது.

பின்னால் ஒரு பால் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மாஸ்டர் ஜன்னல் வழியே கையை நீட்டி, பொறுங்கள் என்று காட்டினாள். பால் வண்டிக்காரரும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார்.

வாத்துகள் வந்தன. காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. வடிவு மடியில் கைகளைக் கோத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஒன்று வந்தது. வாத்து என்றாலே சாய்ந்து சாய்ந்துதான் நடக்கும், இதுவோ வாத்துகளுக்குள்ளேயே நொண்டி. நான்கு எட்டு வைக்கும், நிற்கும். மேய்க்கிறவர் அதைத் தூக்கவில்லை. கம்பால் தொடவும் இல்லை. அது நின்ற இடத்தில் அவரும் நின்றார்.

அது காரைத் தாண்டிப் போகும்வரை வடிவு தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமாச்சுக்கா?" என்று கேட்டாள் மாஸ்டர்.

வடிவு விழித்தாள். "பாக்கலையே மாஸ்டர்."

மாஸ்டர் காரைக் கிளப்பினாள்.

அடுத்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வடிவுக்கு மூன்றாவது பரீட்சை. பாஸானாளா என்று கேட்பீர்கள். ஆனாள். வெள்ளைக் கம்பும் வந்தது, குறுகலான பாலமும் வந்தது, ஓரத்தில் குறைந்துகொண்டே வந்த எண்ணை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டாம் என்றுதான் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கதை அன்று காலை ஒன்பதரை மணிக்கே முடிந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு மாஸ்டர் காரோடு வடிவு வீட்டு வாசலுக்கு வந்தாள். வடிவு ஆதார் நகலையும் போட்டோவையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் இருந்த பூதத்தான் குழறலாக ஒன்று சொன்னார்.

"நானும் வாரேன்."

வடிவு பையைக் கீழே போட்டாள். மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வருவதாக அவர் சொன்னதில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்து அவர் கைகளை நுழைத்துவிட்டாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கி வைத்து, வழிந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

அவர் தானே பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து இரண்டு போட்டாகிவிட்டது. மூன்றாவதை வலது கை விரல்கள் பிடித்திருந்தன. ஓட்டை வரைக்கும் கொண்டு போகும், நழுவும். இடது கை அதைத் தேடி எடுத்து வலது கையில் கொடுக்கும். மறுபடி கொண்டு போகும், நழுவும். நெற்றி வேர்த்திருந்தது. மூன்று மாதமாக அந்தச் சட்டைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் வடிவுதான் போட்டாள். அவருடைய கையால் முடியுமா என்று அவள் நின்று பார்த்ததே இல்லை.

கடிகாரத்தில் ஒன்பது இருபது.

"குடுங்க, நான் போட்டு விடுதேன்" என்று வடிவு குனிந்தாள்.

பூதத்தான் கைகளைத் தொங்கவிட்டார். பழகிப்போனவர்.

வாசலில் நின்ற மாஸ்டர் கூப்பிட்டாள். "அக்கா."

"நேரமாகுது மாஸ்டர்!" வடிவு கடிகாரத்தைக் கை காட்டினாள். "பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா அவ்வளவுதான். இன்னொரு தேதி எப்பக் கிடைக்குமோ. நான் போட்டா ஒரு நிமிஷம். அவுகளாப் போட்டா எவ்வளவு நேரமாகுமோ, யாருக்குத் தெரியும்?"

மாஸ்டர் உள்ளே வந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி பாலத்துல ஏறிட்டாரு, அக்கா" என்றாள்.

வடிவின் கை பொத்தானுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் வந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

பூதத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து மூன்றாவது பொத்தானைத் தேடினார்.

வடிவு கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.