மூன்று கண் பாலம்

தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. தண்ணீர் வந்தது மேற்கிலிருந்துதான். ஆமாம், மேற்கேதான். கிழக்கு என்று வாய் தவறினால் கதையே மூழ்கிப்போகும். கவனமாகக் கேளுங்கள்!

மாட்டு வண்டிகள் மட்டுமே ஓடிய நாளில், ஒரு ராஜா பெருவழி ஒன்று போட்டார். மதில் போல உயரமான சாலை. மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவே சாலை. மலைத் தண்ணீர் வயலுக்குப் போக வேண்டுமே! அதற்காகத் தாழையூரில் சாலைக்கு அடியில் கல் அடுக்கி மூன்று வழிகள் விட்டார்கள். ஆள் குனிந்து நுழையலாம். ஊரார் அவற்றைக் கண் என்றார்கள்.

மூன்று வருடம் மழை வெறும் தூறலோடு போயிற்று. சும்மா கிடக்கிற கண்ணைச் சும்மா விடுவார்களா?

முதல் கண்ணில் கூத்தப்பன் வைக்கோலைத் திணித்தான், வழியோடு வரும் வண்டி மாடுகளுக்குப் போட. இரண்டாம் கண்ணில் வீராயி படல் கட்டி ஆட்டுக்குட்டிகளை அடைத்தாள். மூன்றாவதுதான் பள்ளம்; ஓடிய கொஞ்சத் தண்ணீரும் அதில்தான் ஓடியது. அதன் கிழக்கு வாயில் சிலம்பாயி பரி என்ற மூங்கில் மீன்கூட்டை வைத்தாள். மீன் உள்ளே போகும், திரும்பி வராது. ஓரங்களில் முள்ளை வைத்துக் களிமண்ணை அப்பினாள்.

இந்தச் சிலம்பாயிக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லி கத்தினால் பயம், நாய் ஊளையிட்டால் பயம், காற்றடித்தால் கூரை போய்விடுமோ என்று பயம். அவள் வீடு சாலைக்கு மேற்கே, பள்ளத்தில். அந்த ஐப்பசியில் மகள் வேறு பச்சைப் பிள்ளையோடு வந்து படுத்திருந்தாள். மலை உச்சியில் மேகம் திரண்டதும் சிலம்பாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கூத்தப்பனிடம் ஓடினாள். "கொழுந்தனாரே, வானம் கறுக்குது. வைக்கோலை எடுங்க!"

"மதினி, காக்கா பறந்தாலும் உங்களுக்கு மேகம்தான். இன்னும் ரெண்டு கண்ணு இருக்குல்ல?"

வீராயியிடம் ஓடினாள். "படலைப் பிரிச்சிரு தாயி!"

"உங்க பரி மட்டும் காத்துலயா தொங்குது அக்கா? முதல்ல அதை எடுங்க, அப்புறம் என் படலைப் பேசலாம்."

சாலைக் காவலனிடம் ஓடினாள். அவன் ஈட்டியைத் தட்டினான். "வழியை வெட்டினா கையை வெட்டச் சொல்லி உத்தரவு. வழிக்குக் கீழ நடக்கிறது எனக்கு எதுக்கும்மா?"

சிலம்பாயி முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். 'நான் மட்டும் ஏன் எடுக்கணும்? மத்த ரெண்டும் இருக்கே.' மூன்று பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள்!

கொட்டியது பாருங்கள் மழை! காலையில் பிடித்தது, உச்சிப்பொழுதிலும் விடவில்லை. மலைத் தண்ணீர் செக்கச்செவேல் என்று இறங்கியது. புது வெள்ளம் என்றால் மீனுக்குக் கொண்டாட்டம். கெண்டையும் கெளுத்தியும் விராலும் எதிர்த்து ஏறி வந்து பரிக்குள் துள்ளின. வருடம் முழுக்கக் கருவாடு! சிலம்பாயி கிழக்குக் கரையில் நின்று கை தட்டினாள்.

"அம்மா!"

மகளின் குரல். சிலம்பாயி சாலைமேல் ஏறி மேற்கே பார்த்தாள். முற்றம் எங்கே? உரல் எங்கே? வெள்ளம் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கட்டில்மேல் மகள் நின்றிருந்தாள், பிள்ளை தோளில். ஊரார் மண்வெட்டியோடு சாலையை வெட்ட வந்தார்கள், காவலன் ஈட்டியை நீட்டி மறித்தான், வாதம் நடந்தது, தண்ணீர் ஏறியது.

சிலம்பாயி யாரிடமும் வாதாடவில்லை. இடுப்பு அரிவாளை உருவினாள். கிழக்கே இறங்கினாள். தண்ணீரின் நேரே நிற்காமல் ஓரமாகக் கல்லைப் பற்றிக்கொண்டு, பரியின் கயிற்றை ஓங்கி வெட்டினாள்.

பரி போயிற்று, மீன் போயிற்று, முள் போயிற்று! கண் திறந்த சத்தம் இடி போலக் கேட்டது.

அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். வீராயி குட்டிகளை மழைக்கு முன்பே வீட்டுக்கு ஓட்டியிருந்தாள்; இப்போது ஓடிப்போய், சருகும் கிளையும் சிக்கி அடைத்திருந்த படலின் கயிறுகளை வெட்டினாள். கூத்தப்பனின் வைக்கோல்தான் ஊறிப் பருத்து அசைய மறுத்தது. "இழுங்கப்பா! இழுங்க!" என்று கதறினான். மண்வெட்டிகள் கொத்தின, மாடுகள் இழுத்தன, காவலன்கூட ஈட்டியால் வைக்கோலைக் குத்தி இழுத்தான்.

"இது வழிக்குக் கீழதானே நடக்குது?" என்றாள் வீராயி.

"வாயை மூடிட்டு இழும்மா!" என்றான் அவன்.

கடைசியில் வைக்கோல் அடைத்த கண்ணும் திறந்தது. சிலம்பாயி மேற்கே பார்த்தபடியே நின்றாள். வாசற்படி தெரிந்தது. பிறகு, அதோ, முற்றத்தில் உரலின் தலை தெரிந்தது! அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் பரி வயல் வாய்க்காலுக்குப் போனது. வெள்ளத்தில் வரும் மரக்கிளைகள் கண்ணை அடைக்காதபடி, மேற்கே தள்ளி வரிசையாக முளை அடித்தாள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் விளக்கும் மண்வெட்டியுமாக மேற்கே நுழைவாள்; வண்டலை வாரிக்கொண்டே கிழக்கே எழுந்து வருவாள். முதலில் தன் கண், பிறகு மற்ற இரண்டும். அதன் பிறகுதான் கூரைக்கு ஓலை மாற்றுவாள். பல்லி கத்தினால் அப்போதும் பயம்தான், மழை வந்தால் இல்லை.

அடுத்தவர் அடைத்த வழியைக் குறை சொல்லும் முன், நாம் அடைத்த வழியை மழைக்கு முன்பே திறந்துவிட வேண்டும்.