பூதம் செத்த பிறகு வராத தண்ணீர்

"வீடியோவுல ஒரு குத்தமும் இல்லீங்க மேடம். கேம் ஆடுறவங்க கம்ப்யூட்டர்தான் சரியில்லை" என்றார் நாச்சிமுத்து.

பிருந்தா ஹெட்போனைக் கழற்றினாள்.

பீளமேட்டில் இருந்த அந்தச் சின்ன கேம் கம்பெனியில் கோளாறுகளைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு அவள்தான் தலைமை. நாச்சிமுத்து அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். வயதில் அவளுக்கு ரொம்ப மூத்தவர். அதற்கு முன்னால் கல்யாண வீடியோ எடிட்டிங். கோயமுத்தூரில் பாதிப் பேருடைய தாலிகட்டு அவர் கைவழியாகத்தான் போயிருந்தது.

கம்பெனி வெளியிட்டிருந்த கேமுக்கு 'மடை' என்று பெயர். ஒரு பெண் வறண்ட ஊர்களையெல்லாம் தாண்டிப் போய், மதகை அடைத்துக் கிடக்கும் மணல் பூதத்தைக் கொல்ல வேண்டும். கொன்றால் மதகு திறக்கும், தண்ணீர் வரும். அந்தக் கடைசி வீடியோ நாச்சிமுத்து செய்தது.

அதுதான் சிலருக்கு ஓடவில்லை. பூதம் விழும். திரை இருளும். உடனே கேமின் முதல் பக்கம் வந்துவிடும்.

கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: 'பூதத்தைக் கொன்னுட்டேன். ஊருக்குத் தண்ணி வந்துச்சா, இல்லையா?'

"குத்தமில்லைன்னு எப்படிங்கண்ணா சொல்றீங்க?" என்று கேட்டாள் பிருந்தா.

"ஃபைலைத் திறந்து பார்த்தேனுங்க. கண்ணாடியாட்டம் ஓடுது."

"கேமுக்குள்ள பார்த்தீங்களா?"

"நான் செஞ்ச வீடியோவை நானே எதுக்குங்க சண்டை போட்டுப் பார்க்கணும்?"

பிருந்தா எழுந்து போய் அவருடைய கம்ப்யூட்டரில் 'மடை'யைத் திறந்துவைத்துவிட்டு வந்தாள்.

பூதம் லேசுப்பட்டதல்ல. நாச்சிமுத்துவை மண்ணில் புதைத்தது, தூக்கி எறிந்தது, கரையோடு சேர்த்து நசுக்கியது. அவரும் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் பூதம் விழுந்தது.

திரை இருண்டது. முதல் பக்கம் வந்தது.

நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது.

"கண்டுபிடிச்சுட்டேனுங்க மேடம். ஃபைல் ஃபார்மேட்தான்!"

ஃபார்மேட்டை மாற்றினார். பூதத்தைக் கொன்றார். தண்ணீர் வரவில்லை.

"சைஸ் ஜாஸ்தியா இருக்குதுங்க."

குறைத்தார். பூதம் செத்தது. தண்ணீர் வரவில்லை.

கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாகப் போட்டார். கேமையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஆரம்பத்தில் வரும் வீடியோ ஒவ்வொரு முறையும் ஜம்மென்று ஓடியது. கடைசி வீடியோ மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ஆடுங்க மேடம், பார்ப்போம்."

பிருந்தா தன் கம்ப்யூட்டரில் ஆடினாள். பூதம் விழுந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மதகு திறந்தது, தண்ணீர் வந்தது.

"உங்க மிஷின் நல்ல மிஷினுங்க."

அவள் அவருடைய இடத்துக்கு வந்து ஆடினாள். அங்கேயும் தண்ணீர் வந்தது.

அவர் அவளுடைய இடத்துக்குப் போய் ஆடினார். இருட்டு. முதல் பக்கம்.

நாச்சிமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்போ மிஷின் இல்லீங்க, வீடியோவும் இல்லீங்க. நான்தான். இந்த வேலை எனக்கு ஒத்து வரலை. கல்யாணத்துக்கே போயிடறேன் மேடம்."

"போலாம். ஒருக்கா ஆடிக் காட்டிட்டுப் போங்கண்ணா."

அவர் ஆடினார். இப்போதெல்லாம் அவருக்குப் பூதம் பழகிப்போயிருந்தது. கீபோர்டு அதிர அதிர அடித்தார். பிருந்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பூதம் விழுந்தது. தண்ணீர் வரவில்லை.

"இன்னொருக்கா ஆடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

தன்னைக் கைகழுவிவிட்டாள் என்றே நினைத்தார் நாச்சிமுத்து. அந்தக் கோபமும் பூதத்தின் மேல்தான் இறங்கியது. அது தள்ளாடிச் சரிகிற நேரம், கையில் விளிம்புவரை தளும்பும் டீ கிளாஸோடு வந்து நின்றாள் பிருந்தா.

"பிடிங்கண்ணா! சுடுது, ஊத்திரும்!"

பதறிப்போய் இரண்டு கையாலும் வாங்கினார்.

திரை இருண்டது.

மதகு அசைந்தது. முதலில் ஒரு கீற்று. பிறகு வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர், வெடித்த மண்ணையெல்லாம் நனைத்துக்கொண்டு வந்தது. அவரே வெட்டி, அவரே ஒட்டிய காட்சி. ஆனால் இத்தனை நாள் அடிபட்டு மிதிபட்டு வந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. டீயை மறந்தார்.

"வீடியோவை என்னங்க பண்ணுனீங்க?"

"அதை நான் தொடவே இல்லீங்களே."

"அப்புறம் எப்படி?"

"ஏதாச்சும் ஒரு பட்டனைத் தட்டுங்க."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலால் தட்டினார். தண்ணீர் மறைந்தது. முதல் பக்கம்.

"வேண்டாங்கிறவங்க தாண்டிப் போறதுக்குன்னு வச்சது. எந்தப் பட்டனைத் தட்டுனாலும் வீடியோ போயிரும்" என்றாள் பிருந்தா.

நாச்சிமுத்து தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூதம் செத்தது கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு. விரலுக்குத் தெரியலை" என்றார்.

"உம்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"இல்லீங்கண்ணா. இப்போ உங்க கையைப் பார்த்துத்தான்."

"அப்போ கரூர் அம்மாவும்..."

"விடாம அடிச்சிருப்பாங்க."

அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"மேடம், ஊர்பட்ட பேரு ஆடுறாங்க. பூதம் விழுற நேரத்துல அத்தனை பேருக்கும் யாருங்க டீ கொடுக்கிறது?"

"விரல் ஓயற வரைக்கும் எந்தப் பட்டனும் வேலை செய்யக்கூடாது. அதுதான் டீ" என்று பிருந்தா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கொடுக்கிறது நீங்கதான்."