வெள்ளிக்கிழமைத் தவணை

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. கதையை மட்டும் கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று பார்க்காதீர்கள். பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

கோவில்பட்டியில் பூவலிங்கம் என்று ஒருவன், தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றி இறக்குகிறவன். அவன் மனைவி செண்பகவல்லி, தையற்கடைகளுக்கு ஜாக்கெட்டில் கொக்கி கட்டிக் கொடுப்பவள். இருவருக்கும் இருந்த ஒரே கடன் அவர்களுடைய கல்யாணக் கடன்தான். விருந்து சாப்பிட்டவர்கள், பாயசம் தண்ணியாக இருந்தது என்று குறை சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. மாமியார் போட்டுவிட்ட இரண்டு தங்க வளையலையும் மூன்றாம் நாளே கழற்றி, திரவியம் அண்ணாச்சியின் அடகுக் கடையில் வைத்தாள் செண்பகவல்லி. அதை மீட்க இருவரும் மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினார்கள்.

மாமியார் போன வருஷம் காலமானாள். அதற்கு முன் ஒருநாள், வளையல் இல்லாத மருமகளின் கையைத் தடவிக்கொண்டே, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நம்ம வீட்டுக் காசு வெளிய போகக் கூடாது தாயி. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு" என்று கேட்டாள். செண்பகவல்லி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பால்காரர் பாக்கி கேட்டு வந்தால்கூட, நாளைக்குத்தான். சம்பளக் கவரைப் பூவலிங்கம் முதலில் அம்மா படத்துக்கு முன்னால் வைப்பான். வைத்த பிறகுதான் அது வீட்டுக் காசு. அதுவரை அவள் அதைத் தொடமாட்டாள்.

கடைசித் தவணை ஐயாயிரம் மிச்சம் இருந்தபோது அண்ணாச்சி கெடு வைத்தார். மீட்காத நகையெல்லாம் சனிக்கிழமை காலையில் ஏலத்துக்குப் போகிறது. பூவலிங்கம் யோசிக்காமல், "வியாழக்கிழமை ராத்திரி சம்பளம் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள தந்துருதேன். இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமையா?" அவ்வளவுதான் கேட்டாள்.

"அது என் பொறுப்பு, விடு" என்றான்.

வியாழக்கிழமை அவன் வெறுங்கையோடு வந்தான். "சம்பளம் நாளைக்கு ராத்திரிதானாம்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். செண்பகவல்லி சட்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். அண்ணாச்சி விளக்கு வைத்ததும் கடையைப் பூட்டிவிடுவார். அதற்குப் பிறகு சம்பளம் வந்து என்ன பிரயோசனம்? அத்தையின் வளையல் யார் கைக்கோ போகப் போகிறது. அதைவிட, இந்த மனுஷனின் வாக்கு போகப் போகிறது. மூன்று வருஷமாக ஆசைக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர், நாளைக்கு அண்ணாச்சி முன்னால் தலை குனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வெந்தய டப்பாவில் அவளுடைய சிறுவாடு இருந்தது. பெண்கள் சேர்க்கும் சிறுவாட்டைப் பற்றி நல்ல புருஷன் கேட்பதில்லை; பூவலிங்கமும் கேட்டதில்லை. அவளுக்கு இப்போது நான்காம் மாதம். பிரசவச் செலவுக்கென்று கொக்கி கொக்கியாகக் கட்டிச் சேர்த்த பணம் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மாமியார் படத்தின் முன் நின்று அழுதாள்.

"அத்தை, உங்களுக்குக் குடுத்த சத்தியத்த மீறுதேன். அவுக வாக்கு நிக்கணும்."

கதவைச் சாத்தும்போது, பழக்க தோஷத்தில், "போயிட்டு வாரேன் அத்தை" என்றாள். 'போறேன்' என்று சொல்லிவிட்டு யார்தான் வீட்டை விட்டு இறங்குகிறார்கள்?

அடகுக் கடையில் பூவலிங்கம் நின்றுகொண்டிருந்தான். கையில் சம்பளக் கவர்.

"சம்பளம் ராத்திரிதான்னு சொன்னீக?"

"நேத்தே வந்துட்டு. எதுத்த டீக்கடையில குடுத்து வச்சிருந்தேன்" என்று தலையைச் சொறிந்தான். "வீட்டுக்குள்ளயே வராத காசு, வீட்ட விட்டு எப்படிப் போகும்? உங்கிட்டச் சொன்னா நீயும் கூட்டுன்னு ஆயிரும். பொய் என்னோட போகட்டும்னு நெனச்சேன்."

செண்பகவல்லிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகை முந்திக்கொண்டது. முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, எம் பணத்த எடுத்துக்கிடுங்க. நான் சத்தியத்த மீறியாச்சு, இனிமே என்ன? அவுக சம்பளம் இந்த மாச அரிசிக்கு ஆகட்டும்."

"அது புள்ளைக்குச் சேத்து வச்ச காசு அண்ணாச்சி, தொடாதீக. எங் கவர எடுங்க" என்றான் பூவலிங்கம். அவன் கேட்காதவனே தவிர, தெரியாதவன் இல்லை.

அண்ணாச்சி இரண்டு பணத்தையும் பார்த்தார். "கடனக் குடுக்காம ஓடி ஒளியிறவன எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். குடுக்கிறதுக்கு மல்லுக்கட்டுத சோடிய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். வளையல் இரண்டும் மேசைமேல் இருந்தன. விளக்கு வைக்கும் நேரமும் நெருங்கிவிட்டது.

இப்போது சொல்லுங்கள்: அண்ணாச்சி யார் பணத்தை வாங்கிக்கொள்வது சரி? செண்பகவல்லியின் சத்தியம் உடைந்ததா, இல்லையா?

விடை: பூவலிங்கத்தின் பணத்தைத்தான் வாங்க வேண்டும். அம்மா படத்துக்கு முன் வைக்காத காசு இன்னும் வீட்டுக் காசு ஆகவில்லை. அது எங்கே போனாலும் சத்தியத்துக்குச் சேதமில்லை. செண்பகவல்லியின் பணம் வாசலைத் தாண்டியது உண்மைதான். ஆனால் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பணம் அது. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை நாம் போய்விட்டதாகச் சொல்வதில்லை, வருவார்கள் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பணம் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டால் சத்தியம் உடையவே இல்லை. அண்ணாச்சியும் பூவலிங்கத்தின் கவரை எடுத்துக்கொண்டு, அவள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாத அரிசிக்கு என்ன வழி என்கிறீர்களா? வாயைக் கட்டிப் பழகியவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் பெரிதில்லை. பொய் சொன்னதற்காகச் செண்பகவல்லி வழிநெடுகத் திட்டினாள். பூவலிங்கம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து, வளையல் போட்ட கையால் பணத்தை வெந்தய டப்பாவில் வைத்து மூடிவிட்டு, அவள் படத்தைப் பார்த்துச் சொன்னாள்: "வந்துட்டேன் அத்தை."