சிவப்பு நூல் கட்டிய வலை

ஏரிக்கரையில் ஒரு சின்ன மடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரிடம் பாடம் கேட்க வந்துகொண்டிருந்த கஜபதிக்கோ தலை முழுக்க நரைத்துவிட்டது. மகன் வயதுப் பிள்ளையிடம் போய் உபதேசமா என்று கடைத்தெருவில் கேலி செய்யாத ஆள் இல்லை. கஜபதி அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. பக்கத்து ஊரில் வண்ணமீன் பண்ணை வைத்திருந்த அவருக்குக் காதில் போட்டுக்கொள்ள வேறு விஷயங்கள் இருந்தன.

அன்றைக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாயில் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் ஏரியைப் பார்த்தார். ஏரியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் சாமி.

"ஒண்ணும் இல்ல சாமி."

ஒன்றும் இல்லாதவர் வேட்டி நுனியை அப்படி முறுக்கிக்கொண்டிருக்க மாட்டார். விஷயம் தானாக வந்தது.

கஜபதி வளர்ப்பது கப்பி மீன். அதில் ஆணுக்குத்தான் விசிறி வால், வண்ணம், மினுமினுப்பு எல்லாம். பெண் மீன் சாம்பல் நிறத்தில் சப்பென்று இருக்கும், ஏறெடுத்துப் பார்க்க ஆளிருக்காது. ஆனால் ஆண் ஹார்மோன் மருந்தை ஸ்பிரிட்டில் கரைத்து, தீனியில் பிசைந்து, நிழலில் உலர்த்திப் போட்டுவந்தால் பெண்ணுக்கும் வண்ணம் ஏறிவிடும். தொட்டியில் இருப்பது அத்தனையும் விலை போகும். கஜபதி சில வருஷமாக அப்படித்தான் செய்கிறார். மருந்துத் தீனி நின்றதும் வண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். குட்டியும் போடாது. அதற்குள் மீன் வேறு யார் வீட்டிலோ இருக்கும்.

அந்த யாரோ ஒருவருக்கு இப்போது முகம் வந்துவிட்டது. அதுதான் கஜபதியின் தொல்லை. ரெஜினா என்று ஒரு தையல்கார அம்மா. மிஷின் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்க்க ஒரு ஜோடி கேட்டு வந்தார். பெண் மீன் இவ்வளவு அழகாக இருக்குமா என்று அவர் கேட்டதற்கு, புது ரகம் என்று சொல்லிவிட்டார் கஜபதி. நாக்கு கூசாமல் வந்தது.

பிறகு அந்த அம்மா திரும்பி வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை, சமாளித்திருப்பார். அந்த அம்மாவோ ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மீன் வெளுத்துப் போச்சு, குட்டியும் போடல, என் வீட்டுத் தண்ணியில என்ன குறை என்று பார்த்துச் சொல்லுங்க அண்ணே என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணிய மாத்திப் பாரும்மான்னேன்." கஜபதி குனிந்துகொண்டார். "மறுபடி வந்துச்சி சாமி. 'எங்க வீட்ல அப்பவே சொல்லுவாங்கண்ணே, என் கை ராசியில்லாத கை'ன்னு சொல்லிட்டு அதும்பாட்டுக்குப் போய்டுச்சி."

அதைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் யாரோ அடிக்க வருவதுபோல வேகவேகமாகப் பேசினார். கோழிக்குப் போடுகிறான், காய்கறிக்கு அடிக்கிறான், மீனுக்குப் போட்டால் மட்டும் பாவமா என்றார். மீன் ஒன்றும் செத்துவிடவில்லை என்றார். உண்மையைச் சொல்லலாம்தான், ஒரு ஆளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று மகன் தினகரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான் என்றார். அவன் சொல்வதும் நியாயம்தான், அந்தப் பண்ணையை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"தப்பா, தப்பில்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சாமி."

சாமி பின்வாசல் பக்கம் பார்த்தார்.

"பின்னாடி கல்தொட்டியில கொசு முட்டை வெக்குது. கப்பி கொசுப்புழுவைத் தின்னும்னு சொன்னீங்களே. ஒரு ஜோடி கொண்டு வாங்க."

கஜபதிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தர்மம் கேட்க வந்தவனுக்கு எடுபிடி வேலையா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை பண்ணையில் தினகரனே நல்ல பளபளப்பான ஜோடியாக ஒன்றைப் பார்த்துக் காட்டினான். மடத்துக்கு வருகிறவர்கள் பார்த்தால் நம் பெயர் பரவும் என்றான். கஜபதி காதில் வாங்காத மாதிரி கோடியில் தனியாக இருந்த தொட்டிக்குப் போய், அங்கிருந்து ஒரு ஜோடியைப் பிடித்துக் கவரில் போட்டுக் காற்றடைத்துக் கட்டினார். அவசரத்தில் வலையையும் பையிலேயே செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மடத்தில் சாமி கல்தொட்டிப் பக்கம் நின்றிருந்தார். கஜபதி கவரைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் மிதக்க விட்டார். கவருக்குள் இருக்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும், அதுவரை திறந்துவிடக் கூடாது என்றார். இரண்டு பேரும் தொட்டிக் கரையில் உட்கார்ந்தார்கள்.

"இதுல ஒண்ணு ரொம்ப சாதாரணமா இருக்கே," என்றார் சாமி.

"குட்டிக்குன்னு வெச்சிருக்கற தாய்த் தொட்டி மீன் சாமி. பொட்ட மீன் இப்படித்தான் இருக்கும். ஆனா பாருங்க, குட்டி போட்டுத் தொட்டிய ரொப்பிடும்."

சாமி பையிலிருந்த வலையை எடுத்துப் பார்த்தார். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"இது எதுக்கு?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் கஜபதிக்கு முகம் மலர்ந்துவிடும். "அது அடையாளம் சாமி. தாய்த் தொட்டிக்குத் தனி வலை. மத்த தொட்டில உட்ட வலைய இதுல உடவே கூடாது, ஈரத்தோட மருந்து வந்துடும். பக்கெட்டும் தனி. இதுக்குத் தீனி நான்தான் பிசைவேன், தினகரனைக்கூட கிட்ட விடமாட்டேன்."

"அவ்வளவு ஜாக்கிரதையா?"

"பின்ன? தாய்க்குள்ள அந்த மருந்து போச்சுன்னா அப்புறம்..."

நிறுத்திவிட்டார். கவர் மெல்ல நகர்ந்து தொட்டியின் மறு ஓரத்துக்குப் போயிருந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கலர் மீனே கொண்டுவந்திருக்கலாமே," என்றார் சாமி. "கொசுப்புழுவை அதுவும் தின்னும்."

"மடத்துக்குப் போய் எப்படி சாமி அதை..."

அதுவும் பாதியில் நின்றது. கஜபதிக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போகவேண்டும் போலிருந்தது, எங்கே போவது என்றும் தெரியவில்லை.

சாமி தண்ணீரில் கையை நீட்டிக் கவரை எடுத்தார். பிரிக்கவில்லை. மேல்துண்டால் ஈரத்தைத் துடைத்துக் கஜபதியின் மடியில் வைத்தார்.

"தொட்டிக்கு நான் ஒரு மூடி போட்டுக்கறேன். அந்தத் தையல்கார அம்மா வீடு தூரமா?"

கஜபதிக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா என்று எழுந்தார். இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். பழைய ஜோடியை வாங்கிக்கொண்டு இந்த ஜோடியைக் கொடுத்தால் அந்த அம்மா சந்தோஷப்படும், குட்டி போட்டதும் எல்லாம் மறந்துபோகும் என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"குடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாம வந்துடறேன் சாமி."

சாமி கரையில் கிடந்த வலையை எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினார்.

"இதையும் கொண்டு போங்க. தையல்காரங்க இல்லையா, நூலைப் பார்த்தா எதுக்குன்னு கேப்பாங்க."