குடிக்காத சொம்பு

ஆசிரமத்து ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் தடவையாக மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள் காளீஸ்வரி. அதே வயிற்றுப்போக்கு. இந்த முறை பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது.

டாக்டர் வேதமூர்த்தி குளுக்கோஸ் ஏற்றினார். பிள்ளை தேறியது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. நேரே ஆசிரமத் தலைவியான குருவிடம் போனார். குருவுக்கு வயது நாற்பதுதான். அறுபதைத் தாண்டிய டாக்டருக்கும் அவர் அம்மா.

"அம்மா, வயிற்றுப்போக்கென்று மேட்டுத் தெருவிலிருந்தே வந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு தடவை வந்தால் இந்தப் பிள்ளை தாங்காது."

"நகராட்சி சுகாதார அதிகாரியிடம் சொன்னீர்களா?"

"அவர் ஒரு நாளாவது நம் படியேறிக் கேட்டாரா? நான் ஏன் போய் அவர் வாசலில் நிற்க வேண்டும்?"

"சரி. பிள்ளையை நீங்களே வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்."

போனார். டாக்டரே வந்துவிட்டார் என்றதும் காளீஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொம்பைப் புளி போட்டுத் துலக்கி, குடத்தில் மொண்டு நீட்டினாள்.

"தெருக்குழாய்த் தண்ணியா தாயி?"

"ஆமாய்யா. சாக்கடையை ஒட்டி நிக்குதே, அதுதான்."

"நகராட்சியில இருந்து யாரும் வந்து பாக்கலையா?"

"வந்தாக. யாருக்கும் சீக்கு இருக்கான்னு வீடு வீடா கேட்டாக. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டோம்."

"ஏன்?"

"சொன்னா குழாயை மூடிட்டுப் போயிருவாகளே! அப்புறம் தண்ணிக்கு எங்கய்யா போறது? உங்ககிட்டன்னா மறைக்க மாட்டோம்."

வேதமூர்த்தி சொம்பை வாயருகே கொண்டுபோனார். அப்படியே கீழே வைத்தார். பிள்ளை அதற்குக் கை நீட்டியது. அவர் எட்டத் தள்ளி வைத்தார்.

காளீஸ்வரியின் முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க வீட்டுத் தண்ணி ஆகாதாங்கய்யா?"

"காய்ச்சிக் குடு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

குரு தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணீர் கொடுத்தாளா?"

"கொடுத்தாள்."

"குடித்தீர்களா?"

டாக்டர் ஓர் ஈரத் துணியை எடுத்து நீட்டினார்.

"அந்த அதிகாரியைப் பொறுத்தவரை மேட்டுத் தெருவில் நோயே இல்லை, தெரியுமா?"

"தெரிந்துகொண்டேன். ஆனால், என்னை நம்பிச் சொன்னதை நான் எப்படி அவரிடம் போய்ச் சொல்வது? மூடிவிடுவார் அம்மா."

"மூடட்டும். நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். தண்ணீர் லாரி வராமல் அவரையும் நகர விடாதீர்கள். வந்ததும், முதல் சொம்பை அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்."